கை தெரியாத சாப்பாடு

இரவு எட்டு மணி வாக்கில் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கேள்வி எழும். "நைட்டுக்கு என்ன?" கேட்பவர் உட்கார்ந்திருப்பார். பதில் சொல்ல வேண்டியவர் நின்றுகொண்டிருப்பார். இந்த ஏற்பாட்டுக்குத்தான் நாம் குடும்பம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பதிலில் பெரிய மர்மம் இல்லை. இட்லி, இல்லாவிட்டால் தோசை. மாவு புளித்துவிட்டால் ஊத்தப்பம், புளிப்பை மறைக்க மேலே வெங்காயம். மாவு தீர்ந்திருந்தால் சப்பாத்தி; சர்க்கரை இருக்கிறவர்களுக்கு டாக்டர் சொன்ன சப்பாத்தி, ஆனால் டாக்டர் சொல்லாத எண்ணிக்கையில். எதுவும் ஓடவில்லை என்றால் உப்புமா. உப்புமா வரும் இரவில்தான் வீட்டு ஆண்களுக்கு ஜனநாயக உணர்வு பீறிட்டுக் கிளம்பும். "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "எதாவது பண்ணு."

இதே மனிதர்தான் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி, 'அம்மா கைமணம்' என்று பலகை மாட்டிய மெஸ்ஸில் கண்கலங்கிச் சாப்பிடுகிறவர். அம்மா அரைத்த மசாலா, அம்மா வைத்த வத்தக்குழம்பு என்று உருகி உருகி வாட்ஸப்பில் எழுதுகிறவர். கைமணத்தைப் புகழாத தமிழனே கிடையாது. அந்தக் கையில் எண்ணெய் தெறித்த தழும்பு எத்தனை என்று எண்ணிப் பார்த்த தமிழனைத்தான் காணோம். மணம் நமக்கு, கை அவளுக்கு என்று பாகப்பிரிவினை எப்போதோ முடிந்துவிட்டது.

ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை 2024இல் நாடு முழுக்க நேரக் கணக்கு எடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யும் பெண் ஒரு நாளில் சராசரியாகக் கொடுப்பது 289 நிமிடம். ஆண் கொடுப்பது 88 நிமிடம். எண்பத்தெட்டா, பரவாயில்லையே என்று யாரும் மார்தட்ட வேண்டாம். அது வேலை செய்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. மிச்சம் எழுபது பேர், கணக்கெடுக்க வந்தவரை உட்கார வைத்து, "ரெண்டு காபி" என்று உள்பக்கம் குரல் கொடுத்திருப்பார்கள்.

2011இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூன் முதல் குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசியும் விலையில்லாமல் வந்தது. அரிசி வந்தது, ஆட்ட இயந்திரம் வந்தது, வேர்த்தால் காற்றும் வந்தது. எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்ட ஓர் ஆண் மட்டும் இன்றுவரை எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் வரவில்லை. நிதிச்சுமை அதிகம் போலிருக்கிறது.

ரேஷன் அரிசி என்றதும் நினைவுக்கு வருகிறது. "அந்த நாத்தம் பிடிச்ச அரிசியை யார் திம்பா?" என்று மூக்கைச் சுளிக்கும் நடுத்தர வர்க்கம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் அதே அரிசியைக் கிலோ இத்தனை என்று பேரம் பேசி வாங்கி இட்லிக்கு ஊறப்போடுகிறது. சோறாக வந்தால் நாறும். தோசையாக வந்தால் முறுகும். இலவசத்தால் நாடு கெட்டது என்ற சொற்பொழிவை நான் பெரும்பாலும் கேட்டது இந்த முறுகல் தோசையைப் பிய்த்துக்கொண்டே பேசியவர்களிடம்தான்.

அந்தச் சொற்பொழிவு 2023 செப்டம்பரில் உச்சஸ்தாயிக்குப் போனது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை என்றதும் நாட்டின் பொருளாதாரம் குறித்துத் திடீர்க் கவலை. உழைக்காமல் தின்னப் பழக்குகிறார்கள், எங்கள் வரிப்பணம், இந்த நாடு உருப்படுமா! அந்தத் தொகை கூலி அல்ல என்பது தெரியும். ஆனாலும் வரிப்பணக்காரர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 289 நிமிடம், மாதம் முப்பது நாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது, அன்றுதான் கறி எடுப்பார்கள். மொத்தம் 144 மணி நேரத்துக்கு மேல். ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. ஏழு ரூபாயை நீட்டினால் சென்னை டீக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். வீட்டில் அந்த விலைக்கு டீ, டிபன், சாப்பாடு, பாத்திரம், அடுத்த நாளைக்கு ஊறவைத்த உளுந்து எல்லாம் கிடைக்கிறது. உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளும் உரிமையும் உண்டு.

தட்டு என்றால் ஒரு விவரம். கல் சரியாகக் காயாத முதல் தோசை, திருப்பும்போது கிழிந்த தோசை, போன் அடித்ததால் கருகிய தோசை. இவை சேர்ந்ததுதான் அம்மாவின் இரவுச் சாப்பாடு. தொட்டுக்கொள்ளச் சட்னிக் கிண்ணத்தின் அடி. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல் தமிழ்நாட்டுப் பெண்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அன்னலட்சுமி என்று பெயர் வைப்போம், அன்னபூரணி என்று பெயர் வைப்போம், பாதிக்கு மேல் ரத்தமில்லாமல் வைத்திருப்போம். ரத்தசோகைக்குக் காரணங்கள் பல என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் கிழிந்த தோசைக்கு ஒரு வரி உண்டு.

வாரத்தில் ஒருநாள் குடும்பத்துக்கு மனம் இளகும். "பாவம், அம்மாவுக்கு ரெஸ்ட் குடுப்போம். ஆர்டர் போட்டுக்கலாம்." அம்மாவுக்கு என்ன ரெஸ்ட் என்றால், சமைக்க வேண்டாம். தட்டு எடுத்துவைக்க வேண்டும், தண்ணீர் பிடித்துவைக்க வேண்டும், வெங்காயம் நறுக்க வேண்டும், பிரியாணியைப் பங்கு பிரிக்கும்போது லெக் பீஸ் சண்டையைத் தீர்க்க வேண்டும், பிறகு அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து, 'எதுக்காவது ஆகும்' என்று அலமாரியில் அடுக்க வேண்டும். 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், உணவுக்காகச் செலவாகும் பணத்தில் பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் போகும் பங்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. நகரங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கடையில் வாங்கும் சமைத்த உணவும் அதில் சேர்த்திதான். தமிழன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறான், வெளிச் சாப்பாட்டைத் தின்கிறான்.

ஆர்டர் போட்டாயிற்று. இனி நாடகம் செல்போனில். வரைபடத்தில் ஒரு பொம்மை வண்டி ஊர்ந்து வருகிறது. குடும்பமே குனிந்து பார்க்கிறது. பிள்ளையின் ரேங்க் கார்டைக்கூட இவ்வளவு கூர்மையாகப் பார்த்ததில்லை. வண்டி வேளச்சேரி மேம்பாலத்துக்கு முன்னால் நிற்கிறது. "ஏன் நிக்கிறான்? வேற ஆர்டர் எடுத்துட்டானா?" அவன் நின்றது சிக்னலில். சிவப்பு விளக்கை மதித்த குற்றத்துக்கு நட்சத்திரம் ஒன்று குறையும். சிவப்பு விளக்கைத் தாண்டி, ஒருவழிப் பாதையில் எதிர்த்து வந்து, சூடு ஆறுவதற்குள் கொடுத்தால் ஐந்து நட்சத்திரம். மறுநாள் காலை காரில் போகும்போது, "இந்த டெலிவரி பசங்க தொல்லை தாங்கல, எப்படி ஓட்றானுங்க பாரு" என்று திட்டிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வாய்தான்.

2022 மார்ச்சில் சொமேட்டோ பத்து நிமிடத்தில் சாப்பாடு என்று அறிவித்தது. 2024 அக்டோபரில் ஸ்விக்கியும் பத்து நிமிடக் கணக்கோடு ஒரு சேவையைக் கொண்டுவந்தது. உலகத்தில் எந்த மகப்பேறு வார்டிலும், எந்தத் தீயணைப்பு நிலையத்திலும் காணாத அவசரம், ஒரு சிக்கன் நூடுல்ஸுக்கு வந்துவிட்டது. சரி, அதைக் கொண்டுவருகிற ஆளுக்கு என்ன அவசரத்தில் என்ன கிடைத்தது? அவருக்கும் சமூகப் பாதுகாப்பு உண்டு என்று முதன்முதலில் பெயர் சொன்ன தொகுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. அது அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. பிரியாணி பத்து நிமிடம், சட்டம் ஐந்தாண்டு. சட்டத்தை அனுப்பியவர்கள் வரைபடம் போட்டுக் காட்டியிருந்தால், எந்தச் சிக்னலில் நிற்கிறது என்றாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். தமிழ்நாடு 2023 டிசம்பரில் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்தது. வாரியம் அமைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. எல்லாருக்கும் ஒரு வாரியம் உண்டு, வாரியத்துக்கு ஒரு மேசை உண்டு.

2023இல் ஆர்டருக்கு இரண்டு ரூபாய் என்று 'தளக் கட்டணம்' ஒன்று பில்லில் முளைத்தது. பிறகு அது பத்தைத் தாண்டியது. அதற்கு மேல் மழைக் கட்டணம். மழையில் நனைவது ஒருவர், மழைக்குக் கட்டணம் வசூலிப்பது இன்னொருவர், மழையை ரசித்துக்கொண்டு பால்கனியில் நிற்பது மூன்றாமவர். சென்னையில் புயல் எச்சரிக்கை வந்தால் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசு சொல்லும். சாலைக்குப் போகக் கூடாது என்று யாரும் இவர்களுக்குச் சொல்வதில்லை. பஜ்ஜி ஆர்டர் அன்றைக்குத்தான் அதிகம்.

வாசலுக்கு வந்துவிட்டார். "சார், லொகேஷன் வந்துட்டேன் சார்." அடுக்குமாடிக் குடியிருப்பின் பிரதான லிஃப்டில் அவர் ஏறக் கூடாது. பல இடங்களில் அதற்குப் பலகையே உண்டு: வேலையாட்கள், டெலிவரி ஆட்கள், செல்லப் பிராணிகள் பின்பக்க லிஃப்ட். இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிய சங்கத் தலைவருக்குச் சமூகவியலில் முனைவர் பட்டம் தரலாம். பொட்டலம் மட்டும் எந்த லிஃப்டிலும் வரலாம். அது நேராகச் சாப்பாட்டு மேசை வரைக்கும் போகும், நம் வாய்க்குள்ளும் போகும். கொண்டுவந்த கைக்குத்தான் தடை. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இந்த ஊழியர்களுக்குக் குளிர்சாதன ஓய்வறை ஒன்று திறந்தபோது பாராட்டாத ஆளில்லை. அந்த ஓய்வறைக்குத் தேவை ஏன் வந்தது? எந்த ஓட்டல் வாசலில் மணிக்கணக்கில் நிற்கிறார்களோ அந்த ஓட்டலின் கழிவறைக்குள் அவர்களை விடுவதில்லை என்பதால்.

தடை என்றதும் 2024 மார்ச் 19 ஞாபகம் வருகிறது. அன்று சொமேட்டோ ஒரு புதுப் படையை அறிவித்தது: சுத்த சைவப் படை. சைவம் மட்டும் சமைக்கும் கடையிலிருந்து சைவம் மட்டும், பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி. அசைவக் காற்று பட்ட சிவப்புப் பெட்டியில் தயிர்சாதம் வந்தால் அதன் கற்பு என்னாவது? எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டை கழன்றது. எல்லாருக்கும் சிவப்பே என்றார்கள். சைவப் படை என்ற ஏற்பாடு மட்டும் தொடரும் என்றார்கள். பச்சைச் சட்டை ஏன் ஆபத்து என்று யோசித்தார்களாம்: சிவப்புச் சட்டைக்காரரைச் சில குடியிருப்புகள் குறிப்பிட்ட நாட்களில் உள்ளே விடாமல் போகலாம் என்று. அதாவது இந்த நாட்டின் கேட்டில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிய ஒருநாள் பிடித்தது. வீட்டு வேலைக்கு வரும் எந்த அம்மாவைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் பின்தங்கவில்லை. 2018 டிசம்பரில் அங்கே ஓர் உணவுக்கூடத்தில் சைவத்துக்குத் தனி வாசல், அசைவத்துக்குத் தனி வாசல், கைகழுவத் தனித்தனித் தொட்டி என்று தாள் ஒட்டியிருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் தாள் மறைந்தது. ராக்கெட்டுக்கு எரிபொருள் கண்டுபிடிக்கிற மூளைகளுக்கு, ஒருவர் கழுவிய தண்ணீர் குழாய் வழியே கீழே போகுமே தவிர அடுத்தவர் கைக்கு ஏறாது என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு செமஸ்டர் தேவைப்பட்டது.

இதெல்லாம் நகரத்து மேட்டிமை, கிராமம் வெள்ளந்தி என்று நெஞ்சில் கைவைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலிருந்து செய்தி. சமைப்பவர் தலித் பெண் என்பதால் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியிலும் அதே கதை. ஆட்சியர் போனார், அமைச்சர் போனார், உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஒரு பெண் வைத்த உப்புமா விஷமில்லை என்று நிரூபிக்க ஆட்சியர் வாயை வைக்க வேண்டியிருக்கிறது, 2023இல், சுயமரியாதை இயக்கம் தோன்றி நூறாண்டை நெருங்கும் மண்ணில். ஐம்பதுகளில் 'பிராமணாள் ஓட்டல்' என்ற பலகையைத் தார் பூசி அழிக்கப் போராடியது இந்த ஊர்தான். பலகையில் பூசினோம். உள்ளே பூச மறந்துவிட்டோம்.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னோர் இடத்தில். பிள்ளையைக் காலையில் பட்டினி போட்ட அதே பெற்றோர் இரவு எங்கே சாப்பிடுகிறார்கள்? பைபாஸ் ரோட்டு பரோட்டாக் கடையில். மாவைப் பிசைந்தவர் யார், வீசியவர் யார், இரண்டு கையாலும் அடித்து உதிர்த்தவர் யார், சால்னாவைக் கிண்டியவர் என்ன சாதி என்று ஒருவராவது எழுந்துபோய்க் கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். பசியும் எண்ணெய் வாசனையும் சேர்ந்தால் சாதிக்கு மூக்கடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் சமைத்தவரின் முகம் தெரிந்தது, தெருவும் தெரிந்தது. பரோட்டாக் கடையில் கல் மட்டும்தான் தெரிகிறது. நமக்குத் தீட்டு சாப்பாட்டில் இல்லை. சமைத்த ஆள் நிமிர்ந்து எதிரே நின்று, மாதச் சம்பளம் வாங்கி, நம் பிள்ளைக்குப் பரிமாறுகிறாரே, அதில் இருக்கிறது. நகரத்தில் இதையே மென்மையாகச் செய்கிறோம். சமையலுக்கு வரும் அம்மா கையால் அவியல் சாப்பிடுவோம். அவருக்குக் காபி மட்டும் சிங்க்குக்குக் கீழே கவிழ்த்துவைத்த தனி டம்ளரில். டீக்கடை இரட்டைக் குவளையைக் கண்டித்துக் கட்டுரை எழுதியவர்கள் வீட்டிலும் அந்த டம்ளர் இருக்கிறது. எவர்சில்வர், பெயர் பொறிக்காதது.

வெளியே போய் உட்கார்ந்து சாப்பிடும் இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஏ.சி. ஃபேமிலி ரூம்' நிரம்பி வழிகிறது. ஒருவர் எழுவதற்குள் அவர் நாற்காலியின் பின்னால் இன்னொரு குடும்பம் நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். பந்திக்கு முந்தச் சொல்லிக் கொடுத்த முன்னோர்கள் பெருமைப்படலாம். மேசையைத் துடைக்கும் பையன் ஒடிசாவோ அசாமோ வங்காளமோ. கல்லாவில் இருப்பவருக்கே அவன் ஊர் சரியாகத் தெரியாது. அவனை எல்லாரும் 'ஏய் தம்பி' என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் அரைகுறை இந்தியில் 'பானி, பானி' என்கிறார்கள். அவன் அழகான தமிழில் "ஐஸ் வாட்டரா, நார்மலாண்ணா?" என்று கேட்கிறான். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, "வடக்கனுங்க வந்து ஊரையே புடிச்சுட்டானுங்க" என்று போனில் விவாதம் நடக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பலர் பயந்து ரயில் ஏறியபோது ஓட்டல் முதலாளிகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரம்தான் இந்த மாநிலத்துக்குத் தன் தோசையை யார் சுடுகிறார்கள் என்று தெரிந்தது. பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். நாமும் மறந்துவிட்டோம்.

சாப்பிட்டதும் பில். அதில் அரசு நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்கான ஆதாரம் இருக்கும். 2020இல் கர்நாடகத்தின் வரித் தீர்ப்பாணையம் ஒன்று அரிய ஞானத்தை வெளியிட்டது. பாக்கெட்டில் விற்கும் பரோட்டா ரொட்டி ஆகாது, ஏனென்றால் அதைச் சாப்பிடும் முன் கல்லில் போட்டுச் சூடு பண்ண வேண்டும்; ஆகவே 18 சதவீதம் வரி. வடக்கின் ரொட்டிக்கு 5, தெற்கின் பரோட்டாவுக்கு 18. கூட்டாட்சித் தத்துவத்தை இதைவிட எளிமையாக யாரும் விளக்கியதில்லை. ஐந்து வருடம் ஆடம்பரப் பொருளாக வாழ்ந்த பரோட்டா 2025 செப்டம்பர் 22 முதல் வரியே இல்லாத ஏழைப் பொருளாகிவிட்டது. பரோட்டா மாறவில்லை, இப்போதும் அதைச் சூடு பண்ணித்தான் சாப்பிடுகிறார்கள்.

நடுவில் 2024 செப்டம்பரில் கோவையில் நடந்ததை மறக்க முடியுமா? நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால் எழுந்து நின்ற அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன், கொங்குத் தமிழின் நக்கலோடு கேட்டார்: பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் பன்னைத் தனியாக, கிரீமைத் தனியாகக் கொடு, நானே தடவிக்கொள்கிறேன் என்கிறார். அரங்கமே சிரித்தது. அடுத்த நாள் அவர் அமைச்சரை நேரில் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். அந்தத் தனிச் சந்திப்பின் வீடியோவும் வெளியே வந்தது. ஊரே கொதித்த பிறகு அமைச்சரின் கட்சித் தரப்பிலிருந்து மன்னிப்பு வந்தது. ஒரு பன்னைப் பற்றி ஒரு வியாபாரி கேட்ட கேள்விக்கு இவ்வளவு சடங்கு. இலை போடுகிற தொழிலாளி எழுந்து தன் சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் வீடியோ எடுக்கும் அளவுக்குக்கூட அவரை யாரும் மதித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த நாட்டின் மிகப் பெரிய இரவு விருந்துகளில் ஒன்று 2023 செப்டம்பர் 9 அன்று டெல்லியில் நடந்தது, ஜி-20 தலைவர்களுக்கு. ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டு அது. பட்டியலில் தினை மொறுமொறு, சாமை மொறுமொறு, குதிரைவாலிப் பாயசம். பரிமாறியது வெள்ளிப் பூச்சுப் பாத்திரங்களில். கம்பும் கேழ்வரகும் கூழாகக் கலயத்தில் இருந்தவரை அது ஏழ்மை. அரிசிச் சோறு சாப்பிடுவதுதான் கௌரவம் என்று சொல்லி அந்தக் கூழ்க்கலயத்தை நாம்தான் ஒளிக்க வைத்தோம். இப்போது அதே தானியம் வெள்ளித் தட்டில் ஏறி நாகரிகமாகிவிட்டது. விருந்தாளிகள் போகிற வழியில் இருந்த குடிசைப் பகுதிகளைப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். தினையை மேசையில் வைத்தார்கள், தினை தின்று வளர்ந்தவர்களைத் துணிக்குப் பின்னால் வைத்தார்கள். சென்னையிலும் ஓரிரு நட்சத்திர ஓட்டல்களில் கம்பங்கூழ் கிடைக்கிறது, சின்னக் குப்பியில், மேலே ஒரே ஒரு மோர்மிளகாயை நிமிர்த்தி வைத்து. விலையைப் படித்தால் கூழ் தொண்டையில் நிற்கும்.

இதற்கு எதிர்முனையில், அரசின் மலிவு விலை அம்மா உணவகம் 2013இல் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய். பிறகு மாலையில் இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய் என்று அதுவும் வந்தது. முகம் சுளித்த பெரியவர்கள் அன்றும் இருந்தார்கள். "சோம்பேறி ஆக்குறாங்க" என்றார்கள். அந்த வரிசையில் நின்றவர்களைப் போய்ப் பார்த்தால் கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனை வாசலில் நோயாளியோடு வந்த உறவினர். நம் சோம்பேறித்தனத்தைச் சுமந்து திரிகிறவர்கள்தான் அத்தனை பேரும். சோம்பேறிகள் எல்லாம் வீட்டில் சோபாவில் படுத்து, வரைபடத்தில் ஊரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்தபின் மிச்சமாவது எலும்பு, எச்சில் இலை, சாம்பார் ஒட்டிய பொட்டலம், ரப்பர் பேண்ட். அதையெல்லாம் காலையில் யாரோ எடுத்துப் போகிறார்கள். யாரோ என்றுதான் சொல்ல வேண்டும், பெயர் நமக்குத் தெரியாது. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்கு விட்டபோது அந்த யாரோக்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ராத்திரியும் அங்கேயே. கேட்டது பணி நிரந்தரம், ஏற்கெனவே வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்பது. நம் பக்கத்தில் எழுந்த ஒரே குரல், "ரெண்டு நாளா குப்பை எடுக்கல, வீடே நாறுது." நாறியது நேற்றுத் தின்ற நம் சாப்பாடு.

பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களை இழுத்துப் பேருந்துகளில் ஏற்றியது. விடிந்ததும், ஆகஸ்ட் 14 அன்று, அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குச் சில நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று இலவசக் காலை உணவு. கேட்டது வேலை, கிடைத்தது டிபன்.

சாப்பிட்டுவிட்டுப் போய் அள்ளட்டும் என்பதுதான் ஏற்பாடு. அள்ள வேண்டிய பையில் பிரியாணி எலும்பும், நாப்கினும், உடைந்த பாட்டிலும், குழந்தையின் டயப்பரும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என 2016இலேயே விதி வந்துவிட்டது. பச்சைக் கூடையும் நீலக் கூடையும் பால்கனியில் துளசிக்கும் கற்றாழைக்கும் தொட்டியாக இருக்கின்றன. ஆகவே அந்த முடிச்சை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு, சோற்றைத் தனியாகக் கண்ணாடியைத் தனியாகப் பிரிக்கிறார் குப்பை எடுக்க வரும் அம்மா. கையுறை கொடுத்தார்களா என்று விசாரித்தால், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பார்கள்.